குருவி போச்சு, பூனை இருக்கு!

ஒரு படத்துக்கு என்ன விலை சொல்லலாம்? வீட்டிலேயே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வெப்சைட், லோகோ என்று செய்துகொடுக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். தலையைச் சொறிவார்கள். 'பார்ட்டி கொடுக்கிறதுதான் சார் விலை' என்பார்கள். இந்தத் தலைவலி இன்று நேற்று வந்ததில்லை.

அமெரிக்காவில் போர்ட்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அக்கவுண்டன்சி பாடம் நடத்தியவர் ஃபில் நைட். கூடவே ஷூ வியாபாரம். அங்கே படித்த கரோலின் டேவிட்சன் என்ற மாணவிக்கு, மணிக்கு 2 டாலர் பேசி சில்லறை டிசைன் வேலைகள் கொடுத்தார். 1971-ல் கம்பெனிக்கு ஒரு சின்னம் கேட்டார். வரைந்து கொடுத்தார் கரோலின். பில் 35 டாலர். அதுதான் நைக்கி ஷூவில் நீங்கள் பார்க்கும் 'டிக்' அடித்த மாதிரியான வளைவு! கம்பெனி ஓஹோவென்று வளர்ந்தபிறகு, 1983-ல் கூப்பிட்டு வைர மோதிரமும் பங்குகளும் கொடுத்தார்கள். நல்ல மனசுதான். ஆனால், பில்லில் இருந்தது 35 டாலர் மட்டுமே. மற்றதெல்லாம் அவர்களாகப் பார்த்துக் கொடுத்தது.

அடுத்து இன்டர்நெட் காலத்துக்கு வருவோம். 2000-ல் கனடாவில் 'ஐஸ்டாக்ஃபோட்டோ' என்றொரு படக்கடை ஆரம்பமானது. நீங்கள் வரைந்ததை அங்கே போட்டு வைக்கலாம். யார் வேண்டுமானாலும் சில டாலர் கொடுத்து எடுத்துக்கொள்வார்கள். ஒரே படத்தை நூறு பேர் வாங்கலாம். இட்லிக்கடைக் கணக்குதான். லாபம் ஒரு இட்லியில் இல்லை, எண்ணிக்கையில்!

ஜப்பானில் வசித்த பிரிட்டிஷ் டிசைனர் சைமன் ஆக்ஸ்லி அங்கே படங்கள் போட்டு வைத்திருந்தார். அதில் ஒன்று, ஒரு நீலக் குருவி. 2006-ல் பிறந்த ட்விட்டர் அதை வாங்கித் தன் பக்கத்தில் உட்கார வைத்தது. விலை 15 டாலருக்குள். அதிலும் ஒரு பங்குதான் ஆக்ஸ்லிக்கு.

அடப்பாவமே, ஏமாற்றிவிட்டார்களா? இல்லை. ட்விட்டர் வாங்கியது படத்தைப் பயன்படுத்தும் அனுமதி மட்டும்தான். அதை லோகோவாக வைக்கக்கூடாது என்பது கடையின் விதி. வாடகைக்கு வந்தவர் வீட்டைத் தன் பேருக்குப் பட்டா போட முடியாது, இல்லையா? ட்விட்டர் தனக்கென்று வேறு குருவி வரைந்துகொண்டது.

ஆக்ஸ்லியிடம் இன்னொரு விநோதப் பிராணியும் இருந்தது. பூனைத் தலை, ஆக்டோபஸ் கால்கள். 2008-ல் தொடங்கிய கிட்ஹப், அதாவது புரோகிராமர்கள் தங்கள் வேலையைச் சேமித்துப் பகிர்ந்துகொள்ளும் இடம், இதைத் தன் அடையாளமாக்க ஆசைப்பட்டது. அதே விதி குறுக்கே நின்றது. என்ன செய்வது? நேராக ஆக்ஸ்லியிடம் போய்ப் பேரம் பேசி, முழு உரிமையையும் வாங்கிக்கொண்டார்கள். 'ஆக்டோகேட்' என்று பெயரும் வைத்தார்கள்.

வரைந்தவர் ஒருவர். கடையும் ஒன்று. குருவி சில்லறை விலைக்குப் போனது, பூனைக்குப் பேரம் நடந்தது. கிட்ஹப்பை அவரிடம் வரவழைத்தது திறமை மட்டும் அல்ல. 'லோகோவுக்கு அனுமதி இல்லை' என்ற ஒற்றை வரியும்தான்!

நம் ஊரிலும் அந்த வரிக்கு மரியாதை உண்டு. 1957-ம் வருட காப்பிரைட் சட்டத்தின் 19-ம் பிரிவைப் பாருங்கள். உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்கவேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருடம். எந்த ஊருக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆகவே, உங்கள் வீட்டுப் பிள்ளை அடுத்த பில் போடும்போது தொகைக்குக் கீழே எழுதச் சொல்லுங்கள்: எதற்கு, எங்கே, எவ்வளவு காலம். பேனா மை செலவு பத்து பைசா ஆகாது.

2018-ல் மைக்ரோசாஃப்ட் கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-ல் ட்விட்டர் 'எக்ஸ்' ஆனது, குருவி பறந்துபோச்சு. பூனை மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறது.