எங்கே தங்குவது, எதில் போவது? வட சிலாங்கூரிலிருந்து மலை ஏறிய வழிகளின் வரலாறு

"ஸ்கூல் லீவுக்கு ரெண்டு நாள் மலைப்பக்கம் போய்ட்டு வரலாமா?" என்று வீட்டில் யாராவது வாய் திறந்தால் போதும். அடுத்த நிமிடமே இரண்டு கேள்விகள் வந்து நிற்கும். எங்கே தங்குறது? எதில போறது? இவற்றை நாம் செலவுக் கணக்காகத்தான் பார்க்கிறோம். ஆசிரியர்களும் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களும் ஒருமுறை வரலாற்றுக் கண்ணோடு பாருங்கள். கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை, ரவாங் என்று நீளும் நம் தோட்டப்புறங்களின் கதையில் பாதி இந்த இரண்டு கேள்விகளுக்குள் இருக்கிறது. யார் விருந்தாளியாக ஒரு கூரையின் கீழ் தங்கலாம், யார் வண்டியில் உட்கார்ந்தபடியே போகலாம் என்பதை ஒரு காலத்தில் தோட்டத் துரைதான் முடிவு செய்தார்.

மலைக்கு ஓய்வெடுக்கப் போவது என்ற பழக்கம் நமக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. மலையேறிக் கும்பிடுவது நம் பழக்கம். சும்மா இருக்க மலையேறுவது அவர்கள் பழக்கம். ஆல்ப்ஸ் மலை ஒரு காலத்தில் அவர்களுக்கும் பயமூட்டும் இடமாகத்தான் இருந்தது. 1863இல் தாமஸ் குக் தம் முதல் சுவிட்சர்லாந்துப் பயணக் குழுவை அழைத்துச் சென்றார். தங்கும் இடத்தையும் வண்டியையும் ஒரே ஆள் ஏற்பாடு செய்து தருவது அதன்பின் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 1871இல் விட்ஸ்னாவிலிருந்து ரிகி மலைக்குப் பல்சக்கர ரயில் ஓடியது. ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில் அதுதான். 1891இல் செர்மாட் பள்ளத்தாக்குக்கும் ரயில் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் செர்மாட்டுக்குள் வெளியூர்க் கார்கள் போக முடியாது. டேஷ் என்ற ஊரில் காரை நிறுத்திவிட்டு ரயில் ஏற வேண்டும்.

ஒரு வேறுபாட்டை இங்கே கவனியுங்கள். ஆல்ப்ஸில் மக்கள் பள்ளத்தாக்கில் தங்கிக்கொண்டு பகலில் மேலே போய் வருவார்கள். பள்ளத்தாக்கே குளிர்தானே. மலாயாவில் பள்ளத்தாக்கு என்றால் வேர்வையும் கொசுவும் மலேரியாவும். குளிர் வேண்டுமானால் உச்சிக்கே போய்த் தங்க வேண்டும். ஆகவே இங்கே ரயிலைவிடப் பாதைதான் முக்கியமாயிற்று. பாதை எங்கே வெட்டப்பட்டதோ அங்கேதான் மலை வாசஸ்தலம் உருவானது.

வட சிலாங்கூரிலிருந்து மலைக்குப் போகும் வாசல் கோல குபு. 1883இல் அங்கிருந்த அணை உடைந்து ஊரையே அடித்துச் சென்றது. மாவட்ட அதிகாரி சிசில் ரேங்கிங் அந்த வெள்ளத்தில் மாண்டார். ஈயச் சுரங்க மண் ஆற்றை மூடி வெள்ளம் தொடர்ந்து வந்ததால், 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊரை மேட்டு நிலத்துக்கு மாற்றினார்கள். பாரு என்றால் மலாயில் புதியது. கோல குபு பாரு என்ற பெயருக்கு அதுதான் காரணம். அங்கிருந்து 'கேப்' எனப்படும் மலைக்கணவாய் வழியாக ரவுப்புக்கும் கோலா லிப்பிஸுக்கும் செல்லும் பாதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வெட்டப்பட்டுவிட்டது. பகாங்கின் உட்பகுதியை ஆளப் போட்ட பாதை அது. ஓய்வுக்குப் போனவர்கள் பின்னால் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

கேப்புக்கு மேலே ஈயம் தோண்டியவர் லூயிஸ் ஜேம்ஸ் ஃபிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஒருநாள் ஆள் காணாமல் போய்விட்டார். 1917இல் சிங்கப்பூர் ஆயர் பெர்குசன் டேவி அவரைத் தேடி மலையேறினார். ஆள் கிடைக்கவில்லை, இடத்தின் குளிர்ச்சிதான் ஆயரைக் கவர்ந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் இளைப்பாற ஏற்ற இடம் என்று பரிந்துரைத்தார். 1919இல் வேலை தொடங்கி, 1922இல் பிரேசர் மலை திறக்கப்பட்டது. பழைய சுரங்க நிலத்தைச் சமன் செய்து கோல்ப் திடல் அமைத்தார்கள்.

கேப்பிலிருந்து உச்சிக்கு சுமார் 8 கிலோமீட்டர். பாதை மிக ஒடுக்கம். எதிரெதிரே இரண்டு கார்கள் வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். அதனால் ஒரு கதவு போட்டார்கள்: ஒரு மணி நேரம் மேலே ஏறும் வண்டிகளுக்கு, அடுத்த மணி நேரம் கீழே இறங்கும் வண்டிகளுக்கு. நேரம் தவறினால் கேப்பில் காத்திருக்க வேண்டியதுதான். அப்படிக் காத்திருப்பவர்களுக்கு அங்கே ஒரு அரசாங்க ரெஸ்ட் ஹவுஸ் இருந்தது. சுவிட்சர்லாந்தில் இதே சிக்கலுக்கு வேறு வழி கண்டார்கள். மலை அஞ்சல் பாதைகளில் மஞ்சள் நிற அஞ்சல் பேருந்துக்கே முன்னுரிமை. பேருந்து ஓட்டுநர் சொன்னால் கார்க்காரர் பின்வாங்கித்தான் ஆக வேண்டும். அங்கே பொதுப் பேருந்தை மையமாக வைத்துப் பாதை விதி உருவானது. நம் கதவு சொந்தக் கார் வைத்திருந்தவரை மனத்தில் வைத்து எழுந்தது. இந்த இரண்டையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். மாணவர்கள் நன்றாகவே எழுதுவார்கள்.

தங்குமிடத்துக்கு வருவோம். மலாயா முழுவதும் மாவட்டத்துக்கு மாவட்டம் அரசாங்க ரெஸ்ட் ஹவுஸ்கள் இருந்தன. சுற்றுப்பயணம் போகும் அதிகாரிகளுக்காகக் கட்டப்பட்டவை. சமையல் பெரும்பாலும் ஹைனான் சீனர் கைவண்ணம். பிரேசர் மலை பங்களாக்கள் கருங்கல் சுவரும் கணப்படுப்பும் ரோஜாத் தோட்டமுமாக இங்கிலாந்துக் கிராமம் போலவே எழுந்தன. உயரதிகாரிகளும் தோட்டத் துரைமார்களும் உள்ளூர் விடுப்பில் அங்கே போய் வருவார்கள்.

நம் மக்களும் அந்த மலைகளில் இருந்தார்கள். ஆனால் விருந்தாளியாக இல்லை. பொதுப்பணித் துறையின் பாதை வேலையில் தமிழர்கள் நிறையப் பேர். கேமரன் மலையில் 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியபோது கொழுந்து பறிக்கப் போனவர்களும் தமிழர்கள்தாம். இன்று கேமரன் மலைக்குப் போய்த் தேயிலைச் சரிவின் முன் நின்று படம் எடுக்கும்போது பின்னால் தெரியும் லயங்களையும் தமிழ்ப்பள்ளியையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். "அது யார் வீடு சார்?" என்று ஒருவர் கேட்டாலும் போதும், அந்தப் பயணம் வரலாற்றுப் பாடமாகிவிடும்.

கீழே, நம் தோட்டங்களில் என்ன நிலை? பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கினார். அவருக்குப் பனை ஓலை வேய்ந்த பெரிய வீடு இருந்தது. தொழிலாளிக்கு லயம். ஊரிலிருந்து மாமனோ மச்சானோ பார்க்க வந்தால், அந்த லயத்தில் ஓர் இரவு தங்க வைப்பதே பெரும்பாடு. தோட்டம் தனியார் நிலம். உள்ளே யார் வரலாம் என்பது நிர்வாகத்தின் கையில். பயணம் என்றால் திருவிழாதான். தைப்பூசத்துக்குப் பத்துமலை, இல்லாவிட்டால் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. தோட்டத்து லோரி கிடைத்தால் லோரி, கிடைக்காவிட்டால் நடை. கொஞ்சம் காசு சேர்த்தவர் ஒரு மிதிவண்டி வாங்குவார்.

அந்த மிதிவண்டிக்கும் ஒரு வழக்கம் இருந்தது. எதிரே துரை வந்தாலும் கிராணி வந்தாலும் தொழிலாளி இறங்கி நிற்க வேண்டும். சொந்தக் காசில் வாங்கிய வண்டி. ஆனாலும் இறங்க வேண்டும்.

1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தை இங்கேதான் படிக்க வேண்டும். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தில் முன்னின்ற ஆர்.எச். நாதன் தொகுத்த 12 கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம் உண்டு. பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடையை மூடுதல், பெண்களைத் தொல்லை செய்யாமை ஆகியவை உண்டு. கூடவே இன்னும் இரண்டு: மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக வேண்டும். திரும்பவும் படியுங்கள். ஒன்று 'எதில் போவது' என்ற கேள்வி. மற்றது 'எங்கே தங்குவது' என்ற கேள்வி. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டதும் போராட்டம் கோல சிலாங்கூர் உட்பட சிலாங்கூரின் பிற மாவட்டங்களுக்கும் பரவியது. இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தேர்வில் இந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி எழுத நேர்ந்தால், சம்பள உயர்வோடு நிறுத்திவிடாதீர்கள். மானம் சம்பந்தப்பட்ட இந்த இரண்டு கோரிக்கைகளையும் எழுதினால்தான் விடை முழுமையாகும் என்பது என் கருத்து.

போருக்குப் பின் 1948இல் நாடு முழுவதும் அவசரகாலம் வந்தது. அடையாள அட்டை, ஊரடங்கு, உணவுக் கட்டுப்பாடு. சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். மலைப்பாதை மிக ஆபத்தான பாதையாகியது. அந்த ஆண்டு டிசம்பரில் பத்தாங் காலி அருகே 24 சீனக் கிராமத்தவர்கள் பிரிட்டிஷ் படையினரால் கொல்லப்பட்டார்கள். அதே மாவட்டத்தில், 1951 அக்டோபர் 6ஆம் நாள் சனிக்கிழமை, உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி வார இறுதி ஓய்வுக்காக மனைவியோடும் தனிச் செயலாளரோடும் பிரேசர் மலைக்குப் புறப்பட்டார். கோல குபு பாருவைத் தாண்டி, கேப்பை நெருங்கும் வளைவுகளில் மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் ஆயுதப் படையினர் பதுங்கியிருந்தார்கள். அவர் என்று தெரிந்து அவர்கள் காத்திருக்கவில்லை. இராணுவ வண்டிகளுக்காகக் காத்திருந்தவர்கள் என்று கட்சித் தலைவர் சின் பெங் பின்னாளில் கூறினார். கர்னி காரிலிருந்து இறங்கிச் சில அடி நடந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவியும் தனிச் செயலாளரும் பிழைத்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் டெம்ப்ளர் பதவியேற்றார். பாடநூலில் ஒரு வரியாக நீங்கள் படிக்கும் நிகழ்ச்சி இப்படி ஒரு சிறு விடுமுறைப் பயணத்தில் நடந்தது.

சுதந்திரத்துக்குப் பின் மலை எல்லாருக்கும் திறந்தது. லிம் கோ தோங் 1965இல் பாதை வெட்டத் தொடங்கிய கெந்திங்கில் 1971இல் ஹோட்டல் திறந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளும் பஸ் பிடித்துக் குளிர் பார்க்கப் போனார்கள். பழைய தடைகள் போய்விட்டன. ஆனால் 'எங்கே', 'எதில்' என்ற கேள்விகளில் உயிர் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் அப்படியே இருக்கிறது. 2013 ஆகஸ்ட் 21இல் கெந்திங்கிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் உலு சிலாங்கூரின் பத்தாங் காலிப் பகுதியில் கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மலை சரிந்தது. 31 பேர் மாண்டார்கள். பிள்ளைகளும் ஆசிரியர்களும் அதில் அடக்கம். அந்த இடத்தில் விவசாயம் செய்ய அனுமதி இருந்தது, முகாம் நடத்த உரிமம் இல்லை என்று அரசாங்கம் பின்னர் அறிவித்தது.

ஆகையால் பள்ளிக் குழுவையோ குடும்பத்தையோ அழைத்துப் போகும்போது விலையை இரண்டாவதாகக் கேளுங்கள். முதலில், "இந்த இடத்துக்கு எதற்கான உரிமம் இருக்கு?" என்று கேளுங்கள். படம் அழகாக இருக்கும். பின்னால் வெட்டிய சரிவு இருக்கிறதா, பக்கத்தில் ஓடை இருக்கிறதா என்று விசாரியுங்கள். டிசம்பர் விடுமுறை மழைக்காலமும்கூட. அந்த மாதத்தில் கூடாரம் வேண்டவே வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். கட்டட விடுதி போதும். வண்டிக்கு வந்தால், தினம் பள்ளிக்கு ஓடும் பேருந்தின் அனுமதி வேறு, சுற்றுலாப் பேருந்தின் அனுமதி வேறு. "நம்ம அண்ணன் பஸ்தானே" என்று விட்டுவிடாதீர்கள். அனுமதியையும் புஸ்பாகோம் பரிசோதனைத் தேதியையும் எழுத்தில் வாங்குங்கள்.

ரயிலில் போக விரும்புகிறவர்கள் ரவாங்கிலிருந்து கொமுட்டரில் கோல குபு பாரு நிலையம் வரை போகலாம். அதற்கு மேல் சுமார் 40 கிலோமீட்டர் வளைவுப் பாதை. டாக்சியோ வேனோ முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். பெரிய பேருந்தைவிட இரண்டு வேன்கள் அந்தப் பாதைக்கு ஏற்றவை. எந்தப் பாதை ஏற, எந்தப் பாதை இறங்க என்பதைக் கிளம்பும் அன்று காலையில் விசாரியுங்கள். மண்சரிவுக்குப் பின் மாற்றுவார்கள். பிரேசர் மலையில் பெட்ரோல் நிலையம் கிடையாது. கோல குபு பாருவிலேயே நிரப்பிக்கொண்டு, வாந்தி வரும் பிள்ளைகளை முன் இருக்கைக்கு மாற்றிவிட்டு ஏறுங்கள்.