குருக்கள் இல்லாத நாட்டில் ஆறுதல் பணி

நோயுற்றோரைச் சந்தித்தல், துயருற்றோரைத் தேற்றுதல், இறந்தோரை அடக்கம் செய்தல் ஆகிய இரக்கச் செயல்களை நாம் சிறுவயதிலேயே மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்தோம். ஆனால் அவற்றைச் செய்ய வேண்டியவர் யார் என்ற கேள்வி எழும்போது, அது குருக்களின் கடமை, கன்னியரின் அழைத்தல் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறோம். அவ்வாறு ஒதுங்குவதற்கு இடமே இல்லாமற்போன ஒரு திருச்சபை இருந்தது. அது ஜப்பான் நாட்டுத் திருச்சபை.

நம் முத்துக்குளித்துறையில் உழைத்த தூய சவேரியார் 1549 ஆகஸ்டு 15 அன்று ஜப்பானின் ககோஷிமா துறைமுகத்தில் கால் பதித்தார். சில ஆண்டுகளில் லூயிஸ் தெ அல்மெய்தா என்னும் போர்த்துக்கீசியர் அந்நாட்டின் புனாய் நகருக்கு வந்தார். அறுவை மருத்துவம் கற்றவர். வாணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவர். வறுமையால் பச்சிளங்குழந்தைகள் கொல்லப்படுவதைக் கண்டு மனங்கலங்கி, 1555-இல் தம் பொருளைத் தந்து குழந்தைகள் காப்பகம் ஒன்று அமையச் செய்தார். பால் குடிக்கும் பழக்கமே இல்லாத நாட்டில், அக்குழந்தைகளுக்காகப் பசுக்கள் வளர்க்கப்பட்டன! 1557-இல் அங்கே மருத்துவமனையும் எழுந்தது. அதன் ஒரு பகுதி தொழுநோயாளருக்கென்றே ஒதுக்கப்பட்டது. தொழுநோயை முற்பிறப்பின் தீவினைப் பயன் என்று நம்பி, நோயாளரை ஊருக்கு வெளியே தள்ளிய சமூகம் அது. அந்த நம்பிக்கை நமக்கும் புதியதன்று.

இதற்கிடையில் அல்மெய்தா இயேசு சபையில் சேர்ந்திருந்தார். சபையினர் மருத்துவத் தொழில் செய்யலாகாது என்ற ஆணை ஏறத்தாழ 1560-இல் ஜப்பானை எட்டியது. அவர் கீழ்ப்படிந்தார். மருத்துவமனையோ மூடப்படவில்லை, அவரிடம் பயின்ற ஜப்பானியப் பொதுநிலையினர் அதைத் தொடர்ந்து நடத்தினர். அன்று இழப்பாகத் தோன்றிய அந்த ஆணை, பின்னாளில் வரவிருந்த சோதனைக்கு அம்மக்களை ஆயத்தம் செய்தது என்றே நாம் கருதுகிறோம்.

1583-இல் நாகசாகி நகரில் இரக்கத்தின் சபை தோன்றியது. 1498-இல் லிஸ்பனில் பிறந்த பொதுநிலையினர் சபையே அதன் முன்மாதிரி. ஆனால் நாகசாகியில் அதைத் தொடங்கியவர்கள் யுஸ்தீனோ என்னும் ஜப்பானியரும் அவர்தம் மனைவி யுஸ்தாவும் ஆவர். சபையினர் காணிக்கை திரட்டிக் கைம்பெண்களைக் காத்தனர், தொழுநோயாளரைப் பேணினர், ஏழையின் பிணத்தையும் செல்வரின் பிணத்துக்குரிய மதிப்போடு சுமந்து சென்றனர். பிணம் சுமப்பது இழிந்தோர் தொழில் என்று எண்ணிய ஊரார் இதைக் கண்டு வியந்தனர்.

1614-இல் தடையாணை வந்தது. குருக்கள் நாடு கடத்தப்பட்டனர்; ஒளிந்திருந்தோர் பிடிபட்டு மாண்டனர். 1644-இல் கொனிஷி மான்சியோ மறைசாட்சியாக இறந்தபின் அந்நாட்டில் ஒரு குருவும் எஞ்சவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை, அவஸ்தைப்பூசுதல் இல்லை. திருமுழுக்குக் கொடுக்க ஒருவர், திருநாள்களைக் கணித்துச் சொல்ல ஒருவர், செய்தி கொண்டுசெல்ல ஒருவர் என ஊர்தோறும் பொதுநிலையினரே பணிகளைப் பகிர்ந்துகொண்டனர்.

இங்கே நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். நாகசாகிப் பகுதியில் மக்கள் ஆண்டுதோறும் கிறிஸ்துவின் அல்லது அன்னை மரியின் உருவத்தை அதிகாரிகள் முன்னிலையில் காலால் மிதித்துக் காட்ட வேண்டியிருந்தது. மறுத்தவர் மாண்டனர். மிதித்தவரோ வீடு திரும்பிக் கதறினர். அவர்களைத் தேற்றுவது யார்? உத்தம மனஸ்தாபம் பற்றிய சிறுநூல் ஒன்று 1603-இல் ஜப்பானிய மொழியில் வெளிவந்திருந்தது. குரு கிடைக்காத வேளையில் உள்ளம் நொந்து மனம் வருந்துவோரை இறைவன் தள்ளிவிடமாட்டார் என்பது அதன் போதனை. மக்கள் அதைக் கையால் படியெடுத்தனர், மனப்பாடம் செய்தனர், மிதித்துவிட்டு வந்த இரவிலும் மரணப் படுக்கையருகிலும் ஓதினர். மறைசாட்சியரைப் போற்றும் நாம், விழுந்தவரைக் கைதூக்கிவிட்ட இந்தப் பெயரறியா மனிதரை எண்ணிப் பார்ப்பதேயில்லை. இவர்கள் இல்லையேல், 1865 மார்ச்சு 17 அன்று நாகசாகியின் ஓவுரா கோவிலில் உராகாமி மக்கள் சிலர் பிரெஞ்சுக் குரு பெத்தித்ஷானை அணுகித் தங்கள் விசுவாசத்தை வெளிப்படுத்தியிருக்க முடியாது.

வேதகலாபனை அத்துடன் ஓயவில்லை. உராகாமி ஊரிலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாடெங்கும் சிறைவைக்கப்பட்டு, 1873-இல்தான் விடுவிக்கப்பட்டனர். திரும்பியவர்களுக்கு வீடுமில்லை, விளைச்சலுமில்லை. அடுத்த ஆண்டே வயிற்றுக்கடுப்பு கொள்ளைநோயாகப் பரவியது. குரு தெ ரோத்ஸ் மருந்துப் பெட்டியோடு வந்தார். அவருக்குத் துணை நின்றவர்கள் இவானாகா மாக்கியும் அவர்தம் தோழியர் மூவரும். தங்கள் வீடுகளுக்கு நோயைக் கொண்டுபோகாதிருக்க ஒரு கொட்டகையிலேயே தங்கி, நோயாளரைத் தேடி வீடு வீடாகச் சென்றனர். பின்னர் அம்மை நோயால் அனாதையான ஒரு பெண் குழந்தையைத் தங்களோடு வைத்துக்கொண்டனர். அதன்பின் குழந்தைகள் வந்துகொண்டே இருந்தனர். அந்நால்வருள் எவரும் அப்போது துறவற வார்த்தைப்பாடு எடுத்தவரல்லர். சிறையிலிருந்து திரும்பி ஓராண்டே ஆகியிருந்த ஊர்ப்பெண்கள்.