புகைக்குழாயின் பூர்வீகம்

லொஸ் ஏஞ்சல்ஸ் புறநகர் ஒன்றில் எனது பழைய நண்பரின் வீட்டிலே சில நாட்கள் தங்கியிருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலை இரும்போடு இரும்பு மோதும் ஓசைதான் என்னை எழுப்பியது. கராஜிலே நண்பரின் மகன் தனது 1990ஆம் ஆண்டு மஸ்டா மியாட்டா ஸ்போர்ட்ஸ் காரை நான்கு தாங்கிகளில் ஏற்றிவைத்துவிட்டு அதன் அடியில் மல்லாந்து கிடந்தான். எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுவரும் முதற் குழாய்த் தொகுதியைக் கழற்றிவிட்டு, தபாலில் வரவழைத்த 'ஹெடர்' ஒன்றைப் பூட்டப் போகிறானாம். தகப்பனுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. நானோ பத்திரிகைக்காரன். கதிரையொன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்துவிட்டேன்.

அவன் செய்துகொண்டிருந்த வேலைக்கு அந்த ஊரிலேயே நீண்ட சரித்திரம் உண்டு என்பதைப் பின்னர்தான் தேடி அறிந்துகொண்டேன்.

1932இல் ஹென்றி போர்ட் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் எஞ்சினை விற்பனைக்கு விட்டார். அற்புதமான எஞ்சின், ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. எரிந்த வாயு எஞ்சின் உடலுக்குள்ளேயே, குளிர்விக்கும் நீருக்கு அருகாகச் சுற்றி வெளியேற வேண்டும். போதாததற்கு ஒவ்வொரு பக்கத்திலும் நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களுக்கும் ஒரே வாசல். எஞ்சின் கொதித்தது, மூச்சுத் திணறியது. தென் கலிபோர்னியாவின் இளைஞர்கள் அந்த வார்ப்பிரும்பு மெனிபோல்டைக் கழற்றி எறிந்துவிட்டு, உருக்குக் குழாய்களை வளைத்து ஒட்டி, புகைக்குத் தனித்தனி வழி அமைத்தார்கள். மியூரொக் என்ற வறண்ட ஏரிப் படுகையில் அக்கார்களை ஓட்டி வேகத்தை அளந்தார்கள். 1937இல் அவர்களது கழகங்கள் சேர்ந்து தென் கலிபோர்னியா டைமிங் சங்கத்தை அமைத்தன. 1948 ஜனவரியில் 'ஹொட் ரொட்' சஞ்சிகை வெளிவந்தது. 1954இல் பொப் ஹெட்மன் ஹெடர்களைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். வீட்டுக் கொல்லையில் நடந்த வேலை தொழிலாயிற்று.

குழாயை மாற்றினால் வலு எப்படிக் கூடும்? சிலிண்டரின் வால்வு திறந்ததும் வாயு ஓர் அதிர்ச்சி அலையாகக் குழாய்க்குள் பாய்கிறது. குழாய் அகன்ற இடமொன்றை அடையும்போது அந்த அலை உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வருகிறது. குழாயின் நீளம் சரியாக இருந்தால், வால்வு மூடுவதற்குச் சற்று முன்னர் அது வந்து சேர்ந்து, எஞ்சியிருக்கும் புகையையும் உறிஞ்சி எடுத்துவிடும். நான்கு சிலிண்டர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் எரியும் எஞ்சினில் ஒன்றையும் நான்கையும், இரண்டையும் மூன்றையும் முதலில் இணைத்து, பிறகு இரண்டையும் ஒன்றாக்குவது ஒரு முறை. நான்கையும் ஒரே இடத்தில் சேர்ப்பது மற்றொன்று. முன்னையது நடுத்தர வேகத்துக்கும் பின்னையது உச்ச வேகத்துக்கும் உகந்தவை என்பார்கள்.

இந்தக் கணக்கின் மிக அழகான வடிவம் போர்ட் ஜிடி40 காரில் இருந்தது. அதன் எட்டு சிலிண்டர்கள் எரியும் ஒழுங்கினால் ஒரு பக்கத்துக் குழாய்களுக்குள் அலைகள் சீரற்று வரும். எனவே இடப்பக்கக் குழாய்கள் சிலவற்றை வலப்பக்கத்துக்கும், வலப்பக்கத்தவற்றை இடப்பக்கத்துக்கும் எஞ்சினுக்கு மேலாகக் கடத்தினார்கள். பார்ப்பதற்குப் பாம்புகள் பின்னிப் பிணைந்து கிடப்பது போலிருக்கும். 'பாம்புக் கட்டு' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. 1968, 1969 ஆகிய இரு ஆண்டுகளிலும் லெ மான் 24 மணிநேரப் போட்டியை வென்றது அந்த ஜிடி40தான்.

கதையின் மற்றப் பாதியும் அதே நகரத்துக்குரியது. 1943 ஜூலையில் ஒரு நாள் லொஸ் ஏஞ்சல்ஸில் கண்ணைக் கரிக்கும் புகைமூட்டம் இறங்கியது. போர்க்காலம், ஜப்பானியர் நச்சு வாயுவால் தாக்கிவிட்டார்கள் என்று பலர் நடுங்கினார்கள். கால்டெக் நிறுவனத்தில் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஒல்லாந்தர், ஆரி ஹாகன்-ஸ்மித், 1950களின் தொடக்கத்தில் உண்மையை வெளிப்படுத்தினார். கார்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் கக்கும் வாயுக்களைச் சூரிய ஒளி சமைப்பதனாலேயே அந்தப் புகைமூட்டம் உண்டாகிறது என்றார் அவர். எண்ணெய்க் கம்பனிகள் மறுத்தன. பின்னாளில் கலிபோர்னியாவின் காற்று வளச் சபைக்கு அவரே முதல் தலைவரானார். 1973இல் ஆளுநர் ரொனால்ட் ரேகன் அவரை அப்பதவியிலிருந்து நீக்கினார். (அரசியல்வாதிகள் எங்கும் ஒரே மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.)

1975ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து பெரும்பாலான அமெரிக்கக் கார்களின் குழாயில் வினையூக்கி மாற்றி குடியேறியது. ஈயம் அதைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமற்ற பெற்றோலும் வந்தது. அத்தோடு ஹெடர் பூட்டுவது சொந்த விவகாரம் என்ற காலம் கலிபோர்னியாவில் முடிந்தது. புகையின் அளவைப் பாதிக்கக்கூடிய மாற்றுப் பாகத்துக்குக் காற்று வளச் சபையின் ஆணை இலக்கம் வேண்டும். பரிசோதகர் எஞ்சின் மூடியைத் திறந்து அந்த இலக்கத்தைத் தேடுவார். இளைஞர்கள் இதைச் சபிக்கிறார்கள். அவர்களது கைத்திறனை நான் மெச்சுகிறேன். ஆனால் அந்த நகரத்துப் பிள்ளைகளின் நுரையீரலைப் பற்றியும் யாராவது கவலைப்பட வேண்டுமல்லவா?

கராஜுக்குத் திரும்புவோம். துருவிளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே ஊற்றியிருந்தும் ஒரு போல்ட் முறிந்தது. அதை எடுப்பதிலேயே நடுப்பகல் கழிந்தது. பழைய கேஸ்கட்டைச் சுரண்டி, புதியதை வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சிறிது சிறிதாக முறுக்கினான். கழற்றிய மெனிபோல்டைக் கையிலெடுத்துப் பார்த்தேன். மஸ்டாக்காரர் தொழிற்சாலையிலேயே குழாய்களை வளைத்துச் செய்த, ஏறத்தாழ ஒரு ஹெடர்தான் அது. "அப்படியானால் இதில் என்ன லாபம், தம்பி?" என்று கேட்டேன். "சத்தம், அங்கிள்" என்றான் அவன், முகமெல்லாம் கரியோடு.

மாலையில் எஞ்சினை முடுக்கியபோது அயல்வீட்டு நாய் குரைத்தது. நண்பர் உள்ளே போய்த் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார்.

அடுத்த புகைப் பரிசோதனையில் கார் தோற்றது. பாகத்தில் ஆணை இலக்கம் இல்லை. இன்னொரு சனிக்கிழமையைச் செலவிட்டு, பழைய மெனிபோல்டை அவன் மீண்டும் பூட்டினான் என்று நண்பர் தொலைபேசியில் சொன்னார். ஹெடர் கராஜ் சுவரில் ஆணியொன்றில் தொங்குகிறதாம். பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார் தகப்பன். மகன் இன்னும் சம்மதிக்கவில்லை.