அலுவலகங்களை இணைத்த தனிப்பாதைகள்: ஒரு சிறு வரலாறு

1985ல் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் தன் மையத்தைத் திறந்தது. இங்கே செய்யும் வேலை உடனுக்குடன் அமெரிக்க அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எப்படி? இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்ததே 1995ல்தான். ஆகவே செயற்கைக்கோள் வழியாகத் தனக்கென ஒரு தொடர்பை அந்த நிறுவனம் ஏற்படுத்திக்கொண்டது. அதற்கான ஆண்டெனா மாட்டுவண்டியில் வந்து இறங்கியது!

இரண்டு அலுவலகங்கள் என்றால் ஒரு தொடர்பு போதும். பத்து அலுவலகங்கள் ஒன்றோடொன்று நேராகப் பேச வேண்டுமானால்? 45 தொடர்புகள் தேவை. ஒவ்வொன்றுக்கும் தனி வாடகை.

இந்தச் செலவைக் குறைக்க 1990களில் வி.பி.என். வந்தது. தகவலைப் பூட்டி, பொது இணையம் வழியாகவே அனுப்பும் முறை இது. செலவு குறைவு, ஆனால் வேகத்துக்கு உத்தரவாதம் இல்லை. உத்தரவாதம் வேண்டியவர்கள் தொலைபேசி நிறுவனங்களின் எம்.பி.எல்.எஸ். தொடர்புக்குப் போனார்கள். அதன் அடிப்படைத் தரம் 2001ல் வெளியானது.

2006ல் அமேசான் தன் கணினிகளை வாடகைக்கு விடத் தொடங்கியதும் நிலைமை மாறியது. அலுவலகத்தில் இருந்த சர்வர்கள் கிளவுடுக்குக் குடிபெயர்ந்தன. அங்கே போய்வரவும் தனிப்பாதை தேவைப்பட்டது. 2011ல் அமேசான் 'டைரக்ட் கனெக்ட்' சேவையைத் தொடங்கியது. 2014ல் மைக்ரோசாஃப்ட் 'எக்ஸ்பிரஸ்ரூட்' கொண்டுவந்தது. இரண்டுமே பொது இணையத்தைத் தொடாத பாதைகள்.

தனிப்பாதை என்றால் ஆபத்தே இல்லையா? 2021 செப்டம்பர் 2 அன்று டோக்கியோவில் டைரக்ட் கனெக்ட் சுமார் ஆறு மணி நேரம் தடுமாறியது. ஜப்பானில் வங்கிச் சேவைகளும் விமான நிறுவனங்களும் பாதிக்கப்பட்டன. காரணம், வலையமைப்புக் கருவிகளின் மென்பொருளில் ஒளிந்திருந்த ஒரு பிழை. கிளவுடில் இருந்த கணினிகள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை அடையும் வழிதான் அடைபட்டது. வேடிக்கை என்னவென்றால், பொது இணையமும் அதன் மேல் ஓடும் வி.பி.என்.னும் அன்று பாதிக்கப்படவில்லை. மலிவான மாற்றுவழியை வைத்திருந்தவர்களுக்கு ஒரு வாசல் திறந்தே இருந்தது.

அடுத்த மூன்று மாதத்தில், 2021 டிசம்பரில், 'சைட்லிங்க்' வசதி அறிமுகமானது. இதில் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் போகும் தகவலே அமேசானின் வலையமைப்பு வழியாகப் போகலாம். முன்பு தொலைபேசி நிறுவனம் செய்த வேலை இது.

தனிப்பாதை என்று பெயர் இருந்தாலும் அது சொந்தப் பாதை அல்ல, வாடகைப் பாதைதான். வீட்டுக்காரர் மட்டும் மாறியிருக்கிறார். அதில் போகும் தகவல் தானாகவே பூட்டப்பட்டுவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. பூட்டுவதும், இரண்டாவது பாதை ஒன்றைத் தயாராக வைத்திருப்பதும் வாடகைக்கு எடுத்தவரின் பொறுப்பு.