பிரின்ஸ்டனிலிருந்து டென்வருக்கு

நம் கல்லூரி மைதானத்தில் ஹாக்கி மட்டை பிடித்த நண்பர்களுக்குக்கூட லக்ராஸ் என்றால் என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை. மேல்படிப்புக்கு டென்வர் போகும்வரை எனக்கும் தெரியாது. வட அமெரிக்கப் பழங்குடியினர் தந்த ஆட்டம். வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறியணும்.

அங்கே பில் டியர்னி என்றால் தனி மரியாதை. 1988-இல் பிரின்ஸ்டன் ஆடவர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக அவருக்கு முதல் சீசன். 2 வெற்றி, 13 தோல்வி! நம்ம பக்கமென்றால் மறு வருஷமே ஆளை மாத்தியிருப்பாங்க. 1992-இல் சிரக்யூஸை 10-9 என வென்று தேசியப் பட்டம் வாங்கினார். 2001-க்குள் ஆறு பட்டங்கள்.

அப்பேர்ப்பட்டவர் 2009-இல் அத்தனையையும் விட்டுவிட்டு டென்வருக்கு வந்தார். ஆட்டமோ கிழக்குக் கரையின் சொத்து. ராக்கி மலைப்பக்கத்துக் கல்லூரி எதுவும் முதல் டிவிஷன் பட்டம் வாங்கியதில்லை. 2011, 2013, 2014 மூன்று முறையும் அரையிறுதியோடு சரி. மறுபடியும் அதே கதைதான் என்று நானே அலுத்துக்கொண்டேன்.

2015 மே 25. இறுதியாட்டத்தில் டென்வர் 10, மேரிலாந்து 5. இரு கல்லூரிகளுக்கு அப்பட்டம் பெற்றுத் தந்த முதல் பயிற்சியாளர் அவர்தான். டி.வி. முன் நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார்!

2023-இல் ஓய்வு பெற்றார். பொறுப்பு அவருடைய உதவியாளர் மேட் பிரவுனிடம் போனது.