அறுவை மேசையும் வார்டுக் கட்டிலும்: கிடத்தும் முறையால் நேரும் நரம்புக் காயங்களைத் தாலுகா மருத்துவமனைகளில் தடுத்தல்

குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்குத் தையல் நன்றாக ஆறியிருக்கும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மரத்துக் கிடக்கும். கருப்பையை அகற்றிக்கொண்ட பெண்ணுக்கு நடக்கும்போது பாதம் தூக்க வராமல் தரையில் இழுபடும். அறுத்த இடம் ஒன்று, கெட்ட இடம் வேறு என்பதால் நோயாளியின் வீட்டாருக்கு இது புதிராகவே இருக்கும். மருத்துவத்துக்கு இது புதிரல்ல. மயக்கத்தில் கைகளை வைத்த விதத்தால் தோள் நரம்புப் பின்னல் செயலிழப்பதை மருத்துவர் பூடிங்கர் 1894இலேயே எழுதிவிட்டார். அன்று தொட்டு, மேசையில் கை கால்களை எப்படிக் கிடத்த வேண்டும் என்ற கேள்வியாகவே இச்சிக்கல் பேசப்பட்டு வருகிறது. அந்தக் கேள்வி சரியானதுதான், ஆனால் போதாது. விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் இக்காயத்தைத் தடுக்கும் பணி நோயாளி மேசையில் ஏறுவதற்கு முன்பே தொடங்க வேண்டும், வார்டைத் தாண்டி அவர் வீடுவரை நீள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மேசையில் செய்ய வேண்டியவற்றில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நரம்பு இரண்டு வழிகளில் கெடுகிறது: அழுத்தப்படுவதாலும் இழுக்கப்படுவதாலும். இரண்டிலும் முதலில் தடைப்படுவது நரம்புக்குள் ஓடும் நுண்குழல்களின் இரத்த ஓட்டம். விழித்திருப்பவன் கை மரத்தால் புரண்டு படுப்பான். மயக்கத்தில் இருப்பவனுக்கு அந்தக் காப்பு இல்லை. ஆகவே, மல்லாந்து கிடப்பவரின் கையை 90 பாகைக்கு மேல் விரிக்கக் கூடாது, முழங்கையை மிகையாக மடக்கக் கூடாது, உள்ளங்கை மேல்நோக்கியோ உடலை நோக்கியோ இருக்க வேண்டும் என்று அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2000இல் வெளியிட்டு, 2011இலும் 2018இலும் புதுப்பித்த வழிகாட்டல் சொல்கிறது. உள்ளங்கையின் திசை ஏன் முக்கியம் என்பதை 1999இல் மயக்கவியல் ஆய்வாளர் பிரீலிப்பின் குழு விழித்திருந்த தன்னார்வலர்களிடம் அளந்து காட்டியது. உள்ளங்கை மேல்நோக்கி இருந்தபோது முழங்கையில், சுண்டுவிரலுக்குச் செல்லும் அல்நர் நரம்பின் மீது விழுந்த அழுத்தத்தின் இடைநிலை அளவு 2 மி.மீ. பாதரசம், கவிழ்த்து வைத்தபோது 95. இதைவிட முக்கியமான இன்னொன்றும் அதே ஆய்வில் உண்டு. நரம்பின் மின்சைகை தெளிவாகக் குறைந்த ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மரமரப்பே தெரியவில்லை. முழு நினைவோடு இருப்பவர்களிலேயே பாதிப்பேருக்கு நரம்பு எச்சரிக்கை தரவில்லை என்றால், 'வலித்தால் சொல்வார்' என்று இருந்துவிட முடியாது.

மெத்தை வைப்பதற்கு விலையுயர்ந்த ஜெல் திண்டு இல்லையே என்பது இங்கே தடையாக இருக்கத் தேவையில்லை. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரத்தில் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நெய்வது பலரின் பிழைப்பு. மடித்து வைத்த துணியும் பஞ்சும் எலும்பு முனைக்கும் கைப்பலகைக்கும் இடையே இருந்தால் போதும்; இறுக்கிக் கட்டினால் அந்தத் திண்டே புது அழுத்தமாகிவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

மேசையோடு விஷயம் முடிந்துவிடவில்லை என்பதற்கு வலுவான சான்று அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் மார்க் வார்னர் குழுவினர் அடுத்தடுத்துச் செய்த ஆய்வுகளில் இருக்கிறது. 1957 முதல் 1991 வரை மயக்க மருந்து பெற்ற 11 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைப் பார்த்தபோது, 2,729 பேருக்கு ஒருவர் வீதம் நீடித்த அல்நர் நரம்புக் கோளாறு இருந்தது. ஆண்கள், மிக மெலிந்தவர்கள், மிகப் பருத்தவர்கள், மருத்துவமனையில் 14 நாளுக்கு மேல் தங்கியவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். இவற்றில் எதுவும் கைப்பலகையைப் பற்றியதல்ல. பின்பு 1999இல் 1,502 நோயாளிகளை முன்கூட்டியே சோதித்து, அறுவைக்குப் பின்னும் தொடர்ந்து கவனித்தார்கள். 7 பேருக்குக் கோளாறு வந்தது. முதல் இரண்டு நாளில் ஒருவருக்குக்கூட அறிகுறி இல்லை. மேசையில் நசுங்கிய நரம்பு மட்டுமே காரணம் என்றால் மயக்கம் தெளிந்ததுமே தெரிந்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு, அறுவையே செய்துகொள்ளாமல் மருத்துவமனையில் படுத்திருந்த 986 பேரைப் பார்த்தபோது அவர்களிலும் இருவருக்கு இதே கோளாறு. நாள் முழுதும் மல்லாந்து, முழங்கையை மடித்து மார்பில் வைத்து, எழும்போதெல்லாம் அதே முழங்கையை ஊன்றும் படுக்கை வாழ்வும் நரம்பைக் கெடுக்கக்கூடும் என்பதே இவை தரும் பொருத்தமான விளக்கம்.

வார்டு ஒருபுறம் இருக்க, மறுபுறம் நோயாளி கொண்டுவரும் நரம்பின் நிலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய நாடளாவிய ஆய்வின் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி வயதுவந்த இந்தியரில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் உண்டு. தங்களுக்கு அது இருப்பதை அறியாதவர்களும் அவர்களில் அடக்கம். சர்க்கரை நோயால் ஏற்கெனவே நலிந்த நரம்பு, நல்ல நரம்பு தாங்கும் அழுத்தத்தைத் தாங்காது. தொழுநோயையும் இங்கே பேசியாக வேண்டும். 2005 இறுதியில் இந்தியா அதைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் நிலையிலிருந்து அகற்றிவிட்டதாக அறிவித்தாலும், உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்நாட்டவரே. தொழுநோய் அதிகம் தடிக்க வைக்கும் நரம்புகள் முழங்கையில் அல்நர், முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில், பாதத்தைத் தூக்க உதவும் பெரோனியல். கிடத்தும் முறையால் அடிக்கடி கெடும் நரம்புகளிலும் இவ்விரண்டும் உண்டு. மேலைநாட்டு வழிகாட்டலில் இந்நோய்க்குப் பெரிய இடம் இல்லாதது இயல்பு. நமது மருத்துவமனைகளில் அது விடுபடுவது பிழை. அறுவைக்கு முன் இரு முழங்கைகளையும் தடவிப் பார்ப்பது, சுண்டுவிரல் நுனியில் பஞ்சால் தொடுவது, விரல்களை விரிக்கவும் பாதத்தை மேலே தூக்கவும் சொல்வது என்று எல்லாம் சேர்த்துச் சில நிமிட வேலைதான். கண்டதைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டால், பின்னால் வரும் மரமரப்பு புதிதா பழையதா என்ற தகராறே எழாது. நூற்பாலையில் அறுந்த இழையை முடிபவருக்கும் தீப்பெட்டி ஒட்டுபவருக்கும் இரண்டு விரல் மரத்துப்போவது சிறு குறையல்ல. அதுவே அவர்கள் கூலி. பாதம் தூக்க முடியாதவர் வத்திராயிருப்பு வயல் வரப்பில் நடக்கவே திணறுவார்.

கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் நேரடியானது. கால்களைத் தாங்கிகளில் உயர்த்திக் கட்டிச் செய்யும் அறுவைகளில் வார்னர் குழு 2000இல் 991 பேரைக் கவனித்தபோது 15 பேருக்குக் காலில் நரம்புக் கோளாறு வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீண்டவற்றில்தான் ஆபத்து கூடியது. அதாவது, கடிகாரமும் ஒரு தடுப்புக் கருவி. நேரம் நீளுமென்றால் இடையில் கால்களை இறக்கி வைக்கலாமா என்று கேட்கும் உரிமை அங்கே நிற்கும் செவிலியருக்கு இருக்க வேண்டும். தாலுகா மருத்துவமனைகளில் அறுவைகள் பல முதுகில் ஊசி போட்டே நடக்கின்றன. இடுப்புக்கு மேல் நோயாளி விழித்திருக்கிறார். கை கடுக்கிறதா என்று அவரிடமே கேட்கலாம், பதிலை மட்டுமே நம்பிவிடக் கூடாது. ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பச் சில மணி நேரம் ஆகும், அதற்குள் அவர் வார்டுக் கட்டிலில் இருப்பார். மரத்த கால் வெளிப்புறம் சாய்ந்து கட்டிலின் இரும்புச் சட்டத்தில் பெரோனியல் நரம்பை அழுத்தியபடி கிடந்தாலும் அவருக்குத் தெரியாது. அறுவை அரங்கில் காட்டிய கவனம் முழுவதும் இந்தச் சில மணி நேரத்தில் வீணாகிவிடலாம்.

இவ்வளவு அரிதானதற்கு இத்தனை ஏற்பாடு தேவையா என்பது முதல் மறுப்பு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 3,80,680 அறுவைகளின் பதிவுகளில் 112 பேருக்கு மட்டுமே இக்காயம் கண்டதாக 2009இல் வெளியான ஆய்வு சொல்கிறது, 0.03 விழுக்காடு. ஆனால் இது பழைய பதிவுகளில் தேடி எடுத்த கணக்கு. ஒவ்வொருவரையும் தேடிக் கேட்ட ஆய்வுகளில் கைக்கு ஏறத்தாழ 0.5, காலுக்கு 1.5 விழுக்காடு வந்ததை மேலே கண்டோம். கேட்காத இடத்தில் காயம் குறைவாகவே தெரியும். இரண்டாவது மறுப்பு வலுவானது: படுத்தாலே வரும் என்றால் தடுப்பு எதற்கு, மயக்கவியல் மருத்துவரைக் குறை சொல்வது எப்படி நியாயம்? குறை சொல்வது நியாயமில்லைதான். மேசையில் எல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்கு வரும் என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆனால் அதிலிருந்து கிடைக்கும் முடிவு கைவிரிப்பல்ல. தடுப்பின் எல்லை விரிய வேண்டும் என்பதே. எழுதி வைத்தால் வழக்குக்கு வழி திறக்கும் என்ற அச்சமும் உண்டு. ஆனால் அறுவைக்கு முன்பே நரம்பு நலிந்திருந்தது என்ற பதிவு மருத்துவருக்கே முதல் காப்பு. மேலும், எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வாரா என்று உச்ச நீதிமன்றம் 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் கூறிவிட்டது. நுகர்வோர் மன்றத்தின் கதவு மூடியிருக்கும் ஏழை நோயாளிக்கு மருத்துவமனையின் தன்கட்டுப்பாடே பெரும் பாதுகாப்பு என்பதால், பதிவின் தேவை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

ஆள் பற்றாக்குறை என்பது மெய்யான சிரமம். அதனால்தான் புதிய படிவம் எதுவும் வேண்டாம், இருப்பதில் சேர்த்தால் போதும் என்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில் உள்ள 19 இனங்களில் கிடத்தும் முறை பற்றி ஒன்றுகூட இல்லை. அந்தந்த ஊருக்கேற்பச் சேர்த்துக்கொள்ள அந்நிறுவனமே இடம் தந்திருக்கிறது. கத்தி வைக்குமுன் ஒரு வரியும், வார்டில் உணர்வு திரும்பும்வரை கால்களைப் பார்க்கும் ஒரு வரியும் அதில் ஏறலாம். எஞ்சுவது வீட்டுக்குப் போன பின் தலைகாட்டும் மரமரப்பு. அதற்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ஏற்கெனவே வீடு தேடிப் போகிறது. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை தருவோரோடு இயன்முறை மருத்துவரும் அதில் இருக்கிறார்கள். அறுவை முடிந்து ஒரு வாரத்துக்குள் அவர்களில் ஒருவர் சுண்டுவிரல் மரக்கிறதா, பாதம் தூக்க வராமல் இருக்கிறதா என்று கேட்டு, ஆம் என்றால் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை இராஜாஜி மருத்துவமனைக்கோ அனுப்பலாம். முழங்கையை மடக்காமல் வைத்திருக்கவும் தொய்ந்த பாதத்துக்குத் தாங்கி போடவும் அதற்குள்ளேயே அவர்கள் சொல்லிக்கொடுத்துவிடலாம்.