நீராட்டின் சிறு கருவிகள்

கண்டி வாவியின் கரையில், தலதா மாளிகையை அடுத்து, நீரில் இறங்கி நிற்கும் கட்டடம் ஒன்று உண்டு. 1798 முதல் 1815 வரை அரசாண்ட ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் தன் தேவியர்க்கென அமைத்த நீராட்டு மண்டபம் அது. சிங்கள மக்கள் அதனை உல்பங்கே என்பர். ஆங்கிலேயர் அதன்மேல் மாடி எழுப்பி நூலகமாக்கினர். பிற்காலத்தில் அது பொலிஸார் வசமாயிற்று. மண்டபம் எஞ்சியது, மேனி தேய்த்த கருவிகள் எஞ்சவில்லை.

காரணம் எளிது. அக்கருவிகள் மண்ணில் விளைந்தவை, மண்ணிலேயே மக்குபவை. வேலியிற் படர்ந்து முற்றியுலர்ந்த பீர்க்கங்காயின் நார்க்கூடு ஒன்று. தேங்காய்ப் பொச்சு மற்றொன்று. குதிகாலுக்கு ஆற்றங்கரைக் கல். அதுவோ ஏனைய கற்களோடு கலந்து அடையாளம் இழந்துவிடும். வயலிலும் தோட்டத்திலும் உழைத்தவர்க்குப் பொச்சின் வன்மை வேண்டியிருந்தது. குழந்தையின் மெல்லிய மேனிக்கோ பயற்றமாவும் தாயின் உள்ளங்கையுமே போதும். அவரவர் தோலும் தொழிலுமே தெரிவை வகுத்தன.

கல் காவாததை வழக்கம் காப்பதுண்டு. தலதா மாளிகையிலே புதன்கிழமைதோறும் நானுமுற மங்கல்யம் நிகழ்கின்றது. மூலிகையும் நறுமலரும் சேர்ந்த நீரால் நடைபெறும் புனித நீராட்டு அது. அந்நீர் பிணி தீர்க்குமென நம்பி அடியார் பெற்றுச் செல்வர். மன்னராட்சி 1815இல் மறைந்தது, இவ்வழக்கம் மறையவில்லை.

ஆயின், எளியோர் வீட்டுக் கிணற்றடிக்குக் கல்மண்டபமும் இல்லை, கோயில் முறையும் இல்லை. பீர்க்கநாரை விரும்பியவர் யார், பொச்சை விரும்பியவர் யார், எதனால் விரும்பினர் என்பதை முதியோர் வாயிலாகக் கேட்டு எழுதிவைத்தாலன்றி, அவ்வரலாறு நீரோடு நீராய்ப் போய்விடும்.